பௌர்ணமி நாள் வருகைப்பதிவு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு ஜூன் மாதம், மூன்றாவது திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். எந்த ஆண்டு என்பது என் டைரியில் இருக்கிறது. இங்கே எழுதினால் ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டு அந்த டீச்சர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். கிழமைகளை விட்டுவிட எனக்கு மனம் வராது. பதினோராம் வகுப்பிலிருந்து ஒரு நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். அன்றைக்கு என்ன கிழமை, என்ன திதி, யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துவைத்தால்தான் அந்த நாள் முடிந்ததாகத் தோன்றும்.

அப்போது சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்தேன். ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வாரம் களப்பணி செய்து, அறிக்கை எழுதி, அந்த நிறுவனத்தாரின் கையெழுத்தோடு கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறக்கட்டளை. மலையைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்திவந்தார்கள். அலுவலகம் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, மூன்று மேசை, ஒரு இரும்பு பீரோ, சுவரில் மண்டிக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். செயலாளர் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார். அவரைத் தவிர அலுவலகத்தில் முழுநேரம் இருந்தவர் ஒரே ஒரு எழுத்தர். ஊரில் தலைமுறைகளாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள்.

எங்களை வழியனுப்பும்போது பேராசிரியர் ஒருவர் எச்சரித்திருந்தார். இந்த மாதிரி இடங்களில் எதையும் காகிதத்தில் பார்த்து நம்பாதே, போய்ப் பார்த்து நம்பு என்பது அதன் சாரம். எனக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. பழைய ஜில்லா ஆவணங்கள், வரித்தண்டல் குறிப்புகள், பஞ்சகால அறிக்கைகள் என்று நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருந்தேன். கிராமத்திலிருந்து மேலே போகிற எண் எதுவானாலும் போகிற வழியில் பருத்துக்கொண்டே போகும் என்பது அவற்றிலிருந்து நானாக எடுத்துக்கொண்ட பாடம்.

அங்கே போனால் அவர்கள் என்னை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார்கள். முதல் நாளே பாய் என் கல்லூரிக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சென்னையில் உனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டார். அறக்கட்டளைக்கு நிதி தருகிற அமைப்பு சென்னையில் இருந்தது. அவர்கள் வேவு பார்க்க அனுப்பிய ஆள் நான் என்று அவர் முடிவுகட்டியிருந்தது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே உள்ளே பேச்சு நின்றுவிடும். பீரோவைத் திறக்கும்போது பாய் தன் முதுகால் மறைத்துக்கொண்டு திறப்பார். நான் மாணவன்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“மாணவன்தான், யாரு இல்லனு சொன்னாங்க,” என்றார். “போன வருஷம் வந்த ஆடிட்டரும் பாக்கறதுக்கு மாணவன் மாதிரிதான் இருந்தாரு.”

அதிலிருந்து அவர் என்னை ‘இன்ஸ்பெக்டர் சார்’ என்றே அழைத்தார்.

எனக்குக் கொடுத்த வேலை, ஐந்து மையங்களின் வருகைப்பதிவேடுகளைப் பார்த்து மாதவாரியாக ஒரு பெரிய அட்டவணை தயாரிப்பது. யாருக்கும் பிடிக்காத வேலை, எனக்குப் பிடித்தது. வந்த பிள்ளைக்கு நீல மையில் ஒரு சாய்கோடு, வராத பிள்ளைக்குச் சிவப்பில் சுழி. எல்லா மையங்களிலும் சிவப்புச் சுழிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. அறுவடைக்கு, அம்மன் கோயில் கூழுக்கு, மழைக்கு என்று பிள்ளைகள் நின்றுபோன நாள்களையெல்லாம் அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். அடி அண்ணாமலை மையத்தின் பதிவேடு மட்டும் சுத்தமாக இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள். சாதாரண நாள்களில் நாலைந்து சுழி இருக்கும். மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு சுழியும் இல்லாமல் முப்பத்தொரு சாய்கோடுகள் வரிசையாக நின்றன.

அது என்ன நாள் என்று பார்க்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பாயிடம் பழைய காலண்டர் அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒவ்வொன்றும் பௌர்ணமி.

இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமியன்று மத்தியானத்திலிருந்தே கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைய ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலை அந்தப் பாதையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கடை போடுவார்கள். எலுமிச்சை ஜூஸ், சுண்டல், கற்பூரம், இளநீர். பெரியவர்கள் விற்க, பிள்ளைகள் தண்ணீர் சுமப்பார்கள், டம்ளர் கழுவுவார்கள், சில்லறை மாற்றி வருவார்கள். மற்ற மையங்களே அன்று பாதிக்குப் பாதி காலி. பாதையிலேயே இருக்கிற ஊரில் அன்றைக்குத்தான் முழு வருகையா? அந்த மையம் தொடங்கியதிலிருந்து இருபத்திரண்டு பௌர்ணமி. மூன்று ஞாயிறு, விடுமுறை. மீதிப் பத்தொன்பதிலும் அதே முப்பத்தொரு கோடு. தீபத்தன்றுகூட அப்படித்தான். ஜில்லாவே மலையைப் பார்த்து நிற்கிற நாளில் முப்பத்தொரு பிள்ளைகள் உட்கார்ந்து பெருக்கல் போட்டார்கள் என்றால் யார் நம்புவது? தேதிகளையெல்லாம் தனித் தாளில் வரிசையாக எழுதி மடித்து டைரிக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடி அண்ணாமலை மையத்து டீச்சரை நான் முதலில் பார்த்தது ஜூலை முதல் சனிக்கிழமை நடந்த மாதக் கூட்டத்தில். என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டாவது வரை படித்தவர். பதிவேட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு, பாயின் மேசை அருகே நின்று தன் சான்றிதழைப் பற்றிக் கேட்டார். இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் அறக்கட்டளை அனுபவச் சான்றிதழ் கொடுக்கும். அவருக்கு ஆகஸ்ட் கடைசியோடு இரண்டு வருடம் முடிகிறது.

“ஒரு நாள் கம்மியானாலும் சார் கையெழுத்துப் போட மாட்டாரு, தெரியுமில்ல?” என்றார் பாய்.

“ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன், ரெண்டு மாசம் ஓட்ட மாட்டனா பாய்? நீங்க டைப் அடிக்க ரிப்பன் வாங்கி வைங்க.”

அவர் போன பிறகு பாய் விவரம் சொன்னார். அந்தப் பெண் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடக் காத்திருக்கிறது. ஜில்லா அலுவலகங்கள் இருக்கும் வேங்கிக்காலில் நேர்முகத்துக்குப் போகும்போது கையில் அனுபவச் சான்றிதழ் இருந்தால் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு வருடம்தான் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அந்த மாமன் மகனைப் பற்றிப் பாய் சொன்ன ஒரே தகவல், அவனுக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் நாக்கு குழறும் என்பது.

இரக்கப்பட்டிருக்க வேண்டிய இடம். அன்றிரவு டைரியில் நான் எழுதியது இதுதான்: ‘சனி. பதிவேடு ஏன் சுத்தமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.’

நான் இருந்த ஆறு வாரத்தில் ஒரே ஒரு பௌர்ணமி. ஆனி மாதம், வியாழக்கிழமை. தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே அலுவலகத்திலிருந்து கிளம்பினேன். ஆட்டோக்காரர்கள் அன்றைய விலை சொன்னார்கள், அதனால் நடந்தே போனேன். வலம் வருகிறவர்கள் போகிற திசைக்கு எதிராக நடந்ததால் பார்க்கிறவர்களெல்லாம் ‘இந்தப் பக்கம் இல்லீங்க’ என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே போனார்கள். ஐந்தரைக்கு மையம் தொடங்க வேண்டும். ஊர்ச் சமுதாயக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பது.

உள்ளே ஆறு பிள்ளைகள். ஆறும் சின்னதுகள், ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு மஞ்சள் பை நிறைய நோட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி, பதிவேட்டில் ஒரு நீலக்கோடு போட்டு, அடுத்ததை எடுத்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். பதிவேட்டை மூடவில்லை. மூடாததும் எனக்கு நடிப்பாகவே பட்டது.

மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

“கடையில இருக்குதுங்க சார்.”

“அப்ப இந்தக் கோடு?”

“நோட்டு வந்துடுச்சுங்களே.”

ஒரு குழப்பமும் இல்லாமல் சொன்னார். பிறகு நிதானமாக விளக்கினார். முதல் இரண்டு மாதம் பௌர்ணமியன்று கூடம் காலியாகவே கிடந்திருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு, மாதத்தில் ஒரு நாள் கடை ஓடுகிறது, அன்றைக்கா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி, பிள்ளை வராவிட்டால் நோட்டாவது வரட்டும் என்று இவர் ஓர் ஏற்பாடு செய்தார். முந்தின நாளே கணக்கும் எழுத்தும் கொடுத்துவிடுவார். கடையில் கூட்டம் சேரும் முன்பாகப் பிள்ளைகள் எழுத வேண்டும். ஒரு பெண் கடை கடையாகப் போய் நோட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும். இவர் திருத்தி, மறுநாள் திருப்பித் தருவார். நோட்டு வந்தால் பிள்ளை வந்த மாதிரி. எழுதாத நோட்டுக்குக் கோடு கிடையாது என்று சொல்லிவைத்ததால் அன்றைக்கு ஒரு நோட்டும் குறைவதில்லை. தொடங்கிய அந்த இரண்டு மாதப் பௌர்ணமிகளுக்கும்கூட, பிறகு அதே பாடத்தை எழுதி வாங்கிக்கொண்டு கோடு போட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

நான் ஆறு நோட்டை எடுத்துப் புரட்டினேன். பிறகு இன்னும் ஆறு. பன்னிரண்டில் ஒன்பது நோட்டுகளில், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றில் ஒரே இடத்தில் ஒரே தப்பு. அந்த ஒன்பதிலும் ஐந்து என்ற எண்ணுக்கு மேல்கோடு இல்லை. எழுதியது ஒரே கை. எழுத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் மாற்றியிருந்தது. ஐந்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டது. டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. பதிவேட்டில் முப்பத்தொரு கோடும் விழுகிற வரை இருந்துவிட்டு, நோட்டுகளைச் சேகரித்து வருகிற பெண் எந்தக் கடை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் ஒரு ஜூஸ் கடையில் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கிறவள். இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அவள் அம்மா எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்று, ஒன்பது நோட்டையும் நீயா எழுதினாய் என்று கேட்டேன்.

“யாரு சொன்னா?” என்றாள். பிறகு என் சட்டைப்பை பேனாவைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், இன்ஸ்பெக்டரா?” என்றாள்.

மாணவன் என்றேன்.

“மாணவன்னா கணக்கு தெரியும்ல. நான் போட்டது சரியாத்தான இருக்குது?”

“ஒன்பது நோட்டுலயும் ஒரே தப்பு இருக்கு.”

“அது தப்பு இல்ல சார். நானே வெச்சது. எல்லாம் கரெக்டா இருந்தா டீச்சருக்குச் சந்தேகம் வந்துடும்ல.” துடைத்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “நோட்டுக்கு நோட்டு மாத்தி வெப்பேன். இந்தவாட்டி அவசரம், மறந்துட்டேன்.”

எதற்காக எழுதிக் கொடுக்கிறாய் என்றதற்கு அவள் மறைக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு குடம் தண்ணீர். யாருடைய நோட்டை எழுதுகிறாளோ அந்தப் பிள்ளை இவள் கடைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கைப்பம்பு தூரம். இவளுக்கு உட்கார்ந்து எழுதுவது சுலபம், அவர்களுக்குச் சுமப்பது சுலபம். டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதற்குள் ஒரு கூட்டம் வந்து ஜூஸ் கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததா, சொல்லத் தவிர்த்ததா என்று டைரியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, கார்பன் வைத்துச் செயலாளருக்கு ஓர் அறிக்கை எழுதினேன். பத்தொன்பது தேதிகள், நேரில் பார்த்த ஒரு தேதி, கூடத்தில் இருந்த பிள்ளைகள் ஆறு, பதிவேட்டில் கோடுகள் முப்பத்தொன்று, ஒரே கையெழுத்தில் ஒன்பது நோட்டு. உணர்ச்சி எதுவும் கலக்காமல் எழுதினேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது கார்பன் பிரதியைப் படிக்கும்போது, ‘சான்றிதழ் பெறும் நோக்கில்’ என்ற சொற்கள் கண்ணில் குத்துகின்றன. அந்த நோக்கத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை. ஊகித்தேன்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். இந்த விஷயத்தைக் கல்லூரி அறிக்கையில் சேர்க்க வேண்டாம், தனித் தாளாகவே இருக்கட்டும் என்றார். தாளை மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

“ஆகஸ்ட் முடியட்டும், நான் பாத்துக்கறேன்,” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. சென்னை அமைப்பிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு நிதி அந்த வருகையைப் பொறுத்தது என்பதும் தெரியும். அது முடிகிற வரை மூடிமறைக்கப் பார்க்கிறார், ஆகஸ்டுக்குப் பிறகு இந்தத் தாள் இருக்காது என்று முடிவுகட்டினேன். மாடிப்படி இறங்கும்போதே, கார்பன் பிரதியை என் கையை விட்டு எங்கும் வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பின் ஒரு வாரம் சாப்பிடப் போகும்போதுகூட அது என் பையில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும். காலையில் இரண்டு மையங்களுக்குப் போய்விட்டு, மத்தியானம் அலுவலகத்தில் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் என்னிடம் சகஜமாகத்தான் கேட்டார்: மாணவராக வெளியிலிருந்து பார்க்கிறீர்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது? செயலாளர் கை கழுவப் போயிருந்தார். பாய் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து பிரதியை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தேன். பாய் தட்டுகளோடு அப்படியே நின்றது நினைவிருக்கிறது. அந்த அம்மாள் படித்தார். இளைஞரிடம் கொடுத்தார். அவர் பிரதியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார்.

அதற்குப் பின் நடந்தது வேகமாக நடந்தது. செயலாளர் நோட்டு முறையை விளக்கிப் பார்த்தார். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வராத பிள்ளையை வந்ததாக எழுதுவது எந்த விளக்கத்தாலும் சரியாகாது என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. போகும்போது அடி அண்ணாமலைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப்போனார்கள். திங்கட்கிழமை தொலைபேசியில் முடிவு வந்தது. ஜூலையோடு அந்த மையம் நிறுத்தப்படும்.

அன்று மத்தியானம் செயலாளர் சாப்பிடப் போன நேரத்தில் பாய் என் மேசைக்கு வந்தார். அவர் என் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஆகஸ்ட் முடியட்டும்னு சார் எதுக்குச் சொன்னாருனு நெனச்சீங்க?”

நான் அட்டவணைத் தாளை மடித்தேன்.

“ஆகஸ்ட் முடிஞ்சா அந்தப் பொண்ணு சர்டிபிகேட் வாங்கிக்கினு போயிருக்கும். அதுக்கப்புறம் நோட்டு கணக்க நிறுத்திடலாம்னு என்கிட்ட சொன்னாரு. இன்னும் ஒரே ஒரு மாசம். நீங்க தேதி பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாததா?”

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். என்னைக் குத்துவதற்காக அப்போது கட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். செயலாளரிடம் நேராகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இன்னும் நான்கு நாள் அதே அறையில் இருந்தேன். கேட்கவில்லை. உண்மை என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். செயலாளர் என் களப்பணிப் படிவத்தில் எதுவும் குறைக்காமல், ‘கவனமாகப் பணியாற்றினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார். பதினொன்றரைக்கு டீச்சர் வந்தார். கையில் பதிவேடு இல்லை, சின்ன மணிபர்ஸ் மட்டும். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரு ஒத்தாசை வேணும் சார்,” என்றார். “பதிவேட்டை எடுத்துக்கினு போயிட்டாங்க. நான் வேலை பாத்ததுக்கு என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல. எல்லாப் பௌர்ணமிக்கும் தேதி வெச்சிருக்கீங்கனு பாய் சொன்னாரு. அத்தனை நாளும் நான் சென்டர தொறந்து வெச்சிருந்தேன்னு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா? நீங்க காலேஜு. உங்க கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும்.”

நான் முதலில் நினைத்தது, இதில் என்ன சூது இருக்கிறது என்பதுதான். என் கையெழுத்தை வைத்து என் அறிக்கையையே பொய்யாக்கப் பார்க்கிறாரோ? பாய் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாரோ? அந்தப் பெண் ஒன்பது நோட்டு எழுதியது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வி அல்ல. ஆனாலும் கேட்டேன்.

அவர் மணிபர்ஸை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“போன வருஷம் அவள ஸ்கூல்ல இருந்து நிறுத்தப் பாத்தாங்க சார். கணக்குல ஃபெயிலு. இப்ப ஒன்பது பேருக்குப் போட்டுப் போட்டு அவதான் வகுப்புல மொதல் மார்க்கு.”

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. நான் அதையும் கவனித்தேன்.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். ஆனி பௌர்ணமி, வியாழக்கிழமை, தேதி, மாலை ஐந்து ஐம்பது முதல் ஆறு இருபது வரை அடி அண்ணாமலை மையம் திறந்திருந்ததையும், ஆசிரியை பணியில் இருந்ததையும் நான் நேரில் கண்டேன். கீழே என் பெயர், கல்லூரி, கையெழுத்து. நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மற்ற நாள்களுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? அவரைக் குற்றம் சாட்டி எழுதும்போது அந்தப் பத்தொன்பது நாள்களையும் நான் பார்க்காமலேதான் எழுதினேன் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போதும் தோன்றவில்லை. பல வருடம் கழித்து வேறு யாரையோ பற்றி வேறு ஏதோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது தோன்றியது.

அவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். உதடு அசையாமல், வேகமாகப் படித்தார்.

“ஒரு நாளைக்கு யாரு சார் வேலை குடுப்பாங்க?” என்றார்.

குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தாளை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் என் மைக்கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். பாயிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் படி வரைக்கும் போனேன். அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒதுங்கி நின்று வழி விட்டுவிட்டுத் தெருவில் சேர்ந்தார்.

ஊருக்குத் திரும்பிய பின் பாய்க்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு ஒரு கார்டில் பதில் வந்தது. செயலாளர் கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தாராம், ‘ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்’ என்று. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போயிருக்கிறது. ‘ஏறத்தாழ என்று எழுத அவர் கை எவ்வளவு நேரம் நின்றது என்று நான் பார்த்தேன்’ என்று பாய் எழுதியிருந்தார். வேறு விவரம் இல்லை.

நேர்முகத்தில் என்ன ஆயிற்று, வேலை கிடைத்ததா, கிடைக்காவிட்டால் வீட்டில் என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்டு, அடுத்த தை மாதம் ஒரு புதன்கிழமை இரண்டாவது கடிதம் போட்டேன். அதற்குப் பதில் வரவே இல்லை. கடிதம் போய்ச் சேரவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு முறை திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் அரிசி மண்டி இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெரு வழியாகப் போனேன். பாய் பதில் போடாமல் விடுகிற ஆள் இல்லை. பதில் இன்னதென்று அவருக்குத் தெரிந்ததால்தான், அதை எனக்கு எழுத மனம் வராமல் போடவில்லை என்பது என் சந்தேகம்.